கண்ணில் விடுமுன் சோதனைக் குழாயில் விடுவோம்

கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூவைத் தேடுவது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். அந்த வழக்கத்தின் துணிவில், ஒட்டுண்ணிகளால் வரும் கண்நோய்க்கும் மூலிகைச் சாறு போதும் என்று சிலர் பேசுகின்றனர். மூலிகையின் மீது மதிப்பு வைத்திருக்கும் நாம்தான் இதை முதலில் மறுக்க வேண்டும்.

அகந்தமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரி மண்ணிலும் குழாய் நீரிலும் வாழ்கிறது. காண்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவுவோர், அதை அணிந்தபடியே குளிப்போர், நீந்துவோர் ஆகியோரின் கருவிழியை அது தாக்கக்கூடும். விடுதியில் வாழும் மாணவர்களுக்கு இது தொலைதூரத்து நோயன்று. கடும் வலி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சை தாமதித்தால் பார்வையே பறிபோகலாம்.

பல தாவரச் சாறுகள் இந்த அமீபாவைக் கொல்வதாக ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்துள்ளன. மகிழ்ச்சிதான். ஆனால், கண்ணாடித் தட்டு வேறு, கண் வேறு. ஆபத்து நேர்ந்தால் அமீபா தடித்த உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த உறையை ஊடுருவுவதே கடினம். ஊடுருவும் சாறு கருவிழிச் செல்களையும் அழிக்காதிருக்க வேண்டும். வீட்டில் பிழிந்த சாற்றில் கிருமி இல்லை என்பதற்கும் உறுதி இல்லை. குளோர்ஹெக்சிடின் போன்ற மருத்துவச் சொட்டு மருந்துகளையே தொடக்கத்தில் இரவு பகலாக மணிக்கொரு முறை விட்டு, பின்னர் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது. இந்நிலையில் கைவைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே சாதகம்.

அப்படியானால் மூலிகை அறிவைத் தூக்கி எறிவதா? இல்லை. சீன அறிவியலாளர் டூ யூயூ பழைய மருத்துவ நூலொன்றில் கண்ட குறிப்பைக் கொண்டு, செடியைக் கொதிக்க வைக்காமல் குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். மலேரியாவை வெல்லும் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. அவர் பழைய நூலைப் போற்றியதோடு நிற்கவில்லை. சோதித்தார், அளந்தார், நிரூபித்தார்.

மருந்தியலும் உயிரியலும் பயிலும் நம் மாணவர்களுக்குத் தமிழ் தெரியும். சித்த மருத்துவ நூல்களை மூலத்திலேயே அணுக முடியும். பிறருக்கு எளிதில் வாய்க்காத திறவுகோல் இது. பாட்டியின் சொல்லை ஆய்வின் முதல் கேள்வியாகக் கொள்வோம். முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம். அதுவரை, கண் வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்வோம்.