மசக்கைக்குக் கஞ்சா மருந்தல்ல

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் அலுவிகாரையைக் கடந்து பலாபத்வலப் பக்கம் போனால் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரிசை கட்டி நிற்கும். கறுவா, மிளகு, மூலிகை எண்ணெய், லேகியம். மூலிகை கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை இந்த மண்ணில் ஊறியது. அந்த நம்பிக்கைக்குள் கஞ்சாவும் நைசாக நுழையப் பார்க்கிறது. "பச்சிலைதானே, ஐஸ் போதை மாதிரியா?" என்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் காதிலும் அந்தப் பேச்சு விழுகிறது என்பதே நம் கவலை.

1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் 'மதன மோதகம்' என்ற பெயரில் கஞ்சா கலந்த உருண்டைகள் பொலிஸ் சோதனைகளில் அடிக்கடி பிடிபடுகின்றன. பசிக்கு, உடம்பு வலிக்கு, தெம்புக்கு என்று சொல்லி விற்கிறார்கள். 2025இல் ஏற்றுமதிக்காக மட்டும் மீரிகமவில் கஞ்சா வளர்க்க அரசு அனுமதி கொடுத்தது. அது வேலிக்குள் நடக்கும் விவசாயம்தான். ஆனால் 'அரசாங்கமே மருந்து என்கிறதே' என்ற வாய்ச்சவடால் வேலிக்குள் நிற்காது.

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் காட்டியிருக்கிறது. எட்டு வாரக் கர்ப்பிணி போலப் பேசி, மசக்கை தாங்கவில்லை என்று 400 கஞ்சாக் கடைகளுக்கு ஆய்வாளர்கள் தொலைபேசி எடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ பத்தில் ஏழு கடைகள் கஞ்சாவையே மருந்தாகச் சிபாரிசு செய்தன. சொன்னவர் வைத்தியர் அல்லர், கல்லாவில் நிற்கும் பையன். நீண்டநாள் கஞ்சா பாவித்தால் அதுவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். கடைசியாகப் பாவித்து ஆறு நாள் கழித்தும் தாய்ப்பாலில் இருந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா பாவித்த தாய்மாரில் 12 சதவீதமானோருக்குக் குறைமாதப் பிரசவம். பாவிக்காதவர்களில் 6 சதவீதம். சிகரெட், மது, வறுமை ஆகியவற்றைக் கழித்துக் கணக்கிட்டபோது இடைவெளி சுருங்கியது, ஆனால் மறையவில்லை. வளர்ந்தபின் பிள்ளையின் கவனம், படிப்பு, நடத்தை எவ்வளவு பாதிக்கப்படும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி இருக்கிறது. அந்த வழக்கு தீரும்வரை நம் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்க வேண்டுமா?

எடை குறைந்த பிறப்பும் வளர்ச்சிக் குறைவும் மலையகத்துக்குப் பழைய துயரங்கள். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32. தாய்க்கு இரத்தச்சோகை, வாயில் புகையிலையோடு வெற்றிலை, இதற்கு மேல் இன்னொரு நஞ்சு எதற்கு?

நம் பெண்கள் கஞ்சா சுருட்டிப் புகைப்பது அரிது, உண்மைதான். புகைப்பவர் வீட்டுக்காரர். மழைக்காலத்தில் லயத்துக் காம்பராவின் ஒற்றைக் கதவைச் சாத்திவிட்டு அவர் மூலையில் கஞ்சா பீடியைப் பற்றவைத்தால், அடுப்படியில் ரொட்டி தட்டுகிறவளுக்கும் பங்கு உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் பக்கத்தில் இருப்பவரின் இரத்தத்திலும் டி.எச்.சி. ஏறுவது பரிசோதனையில் தெரிந்த விஷயம். ஆகவே கிளினிக்கில் பேச வேண்டியது மனைவியிடம் மட்டுமல்ல, கணவனிடமும்.

பொலிஸால் இது தீராது. உண்மையைச் சொன்னால் ஜீப் வரும் என்று பயந்தால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? கிளினிக்குக்கு வராமலே இருந்துவிடுவாள். அது கஞ்சாவைவிடப் பெரிய ஆபத்து. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும் முதல் நாளே வெற்றிலை, புகை, மது, கஞ்சா, லேகியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், தமிழில், அதட்டாமல் கேட்கட்டும். அந்தப் பதில் பொலிஸ் நிலையத்துக்குப் போகாது என்று சுகாதார அமைச்சு எழுத்தில் உறுதி தரட்டும். பெயர் தெரியாத உருண்டைகளைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்ற அறிவித்தலை ஆயுர்வேதத் திணைக்களம் மூன்று மொழியிலும் கடைகளில் ஒட்டட்டும். போதையிலிருந்து மீள ஆலோசனை கேட்கும் 1927 இலக்கத்தைத் தோட்டத்துக் கணவன்மார் எத்தனை பேர் அறிவார்கள்? பிள்ளைமடுவச் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அதை எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.