வீடு வாங்கும் முன் சோதிப்பவர் யார்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் பழமொழி. அமெரிக்காவிலோ கட்டிய வீட்டை வாங்குவோரே அதிகம். ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டை இன்னொரு குடும்பம் வாங்குகிறது.

பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வீடு வாங்குகிறார்கள். 30 ஆண்டுத் தவணை அங்கே சாதாரணம். கடன் அடைந்து முடிவதற்குள் பிள்ளை பெரியவனாகி, அவனுக்கும் பிள்ளை பிறந்து விடும்!

அப்படி வாங்கிய வீட்டில் கூரை ஒழுகினால்? அமெரிக்காவில் பல வீடுகள் மரச்சட்டத்தால் ஆனவை. அதைக் கரையான் அரித்திருந்தால்? வெளியே புது வர்ணம் பளபளக்கும். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்?

இதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அவர்தான் வீட்டு இன்ஸ்பெக்டர். அவர் அரசாங்க அதிகாரி அல்ல. வாங்குகிறவரிடம் கூலி பெற்று, அஸ்திவாரம், கூரை, மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சோதித்து, அறிக்கை எழுதித் தருவார்.

அந்த அறிக்கையை நம்பித்தான் குடும்பம் பணத்தைக் கொட்டுகிறது. அந்த இன்ஸ்பெக்டருக்குத் தொழில் தெரியுமா என்று சோதிப்பது யார்?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம்

இதில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். டெக்சாஸ் மாநிலம் 1985-ம் ஆண்டிலிருந்தே இவர்களை ஒழுங்குபடுத்தி வருகிறது. அங்கே மூன்று படிகள் உண்டு. முதல் படியில் இருப்பவர் தேர்ந்தவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம்.

நியூயார்க்கில் 2005-ம் ஆண்டு இறுதியில் லைசென்சு கட்டாயம் ஆயிற்று. பயிற்சி பெற்று வருகிறவர் 140 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் 40 மணி நேரம் வீடுகளுக்கே போய்ப் பழக வேண்டும். பிறகு பரீட்சை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை லைசென்சைப் புதுப்பிக்க, மேலும் 24 மணி நேரம் படிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் லைசென்சே கிடையாது! ஆனாலும் அங்கே ஒரு நல்ல சட்டம் உண்டு. தான் சோதித்த வீட்டில் 12 மாதத்துக்குள் கூலிக்குப் பழுது பார்க்க இன்ஸ்பெக்டர் முன்வரக் கூடாது. இல்லாத பழுதைச் சொல்லி வேலை தேடிக்கொள்ள இடம் இல்லை. "தவறு செய்தால் என் கூலியை மட்டும் திருப்பித் தருவேன்" என்ற ஒப்பந்தமும் செல்லாது.

மாசசூசெட்சில் இன்னொரு கட்டுப்பாடு. "இன்ன இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள்" என்று தரகர் சிபாரிசு செய்யக் கூடாது. வாங்குகிறவருக்காக மட்டுமே ஒப்பந்தம் செய்து உழைக்கும் தரகருக்கு விலக்கு உண்டு. விற்பனை நடந்தால்தான் தரகருக்குத் தரகுப்பணம். அவர் காட்டும் ஆள் குறையைக் குறைத்துச் சொல்லக் கூடும் அல்லவா?

எது சரி?

"லைசென்சு வைத்தால் கட்டணம் ஏறும், அனுபவம் உள்ள தச்சரும் கொத்தனாரும் தொழிலுக்கு வர முடியாது" என்று சிலர் சொல்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு வழி, படிப்பை எளிதாக்குவதுதான். பரீட்சையை ஒழிப்பது அல்ல. தேர்ந்தவரோடு கூடவே போய்த் தொழில் பழகலாம் என்றால், கை அனுபவம் உள்ளவருக்கும் கதவு திறக்கும்.

மயிர் வெட்டுகிறவருக்கு எல்லா மாநிலங்களிலும் லைசென்சு கேட்கும் நாடு அது. வெட்டிய முடி வளர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு போனால் திரும்பி வருமா?

படிப்பு, பரீட்சை இரண்டும் வேண்டும். அவற்றோடு கலிபோர்னியா, மாசசூசெட்சு சட்டங்களும் சேர வேண்டும். திறமை மட்டும் போதாது, நாணயமும் வேண்டும்.

லைசென்சு இருந்தாலும் இன்ஸ்பெக்டர் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்வார். ஆகவே வாங்குகிறவரும் கூடவே போக வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். அறிக்கையை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டம் காவல் நிற்கலாம். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான்!