கணினி உத்தியோகமும் நமது வாலிபர்களும்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியானவுடன் தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. பிள்ளையைக் கணினிப் படிப்பில் சேர்த்தால் வேலை நிச்சயந்தானா என்று தகப்பனார் விசாரிக்கிறார். நகையை அடகு வைத்தேனும் கட்டணம் கட்டிவிடலாமென்று தாயார் துணிகிறார். இந்த ஆவலைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் கேட்கப்படும் கேள்வி சரியானதுதானா என்று யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இத்தொழில் நமது தேசத்திற்குச் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. 1968-ல் டாடா கன்ஸல்டன்ஸி சர்வீஸஸும், 1981-ல் இன்போஸிஸும் தோன்றின. 2000-ல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்த குடும்பங்களின் புதல்வர்களும் புதல்வியரும் கௌரவமான ஊதியம் பெற்றனர். ஆயினும் இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி, அந்நிய வர்த்தகர்களுக்கு வேண்டிய வேலையை ஆள் கணக்கிட்டுச் செய்து கொடுப்பதாகவே அமைந்தது. ஆகவே அதுவும் பழைய குமாஸ்தா உத்தியோகத்தைப் போல், ஒரு முறை அமர்ந்தால் ஆயுளுக்கும் நிலைக்கும் நாற்காலி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணம் இனிச் செல்லாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வழக்கமான நிரல்களில் பெரும்பகுதியை இயந்திரமே எழுதித் தருகிறது. 2025 ஜூலையில் டாடா கன்ஸல்டன்ஸி சர்வீஸஸ் தனது ஊழியரில் ஏறக்குறைய நூற்றுக்கு இருவரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்தரப் பதவியினர். செயற்கை அறிவு இதற்குக் காரணமன்று, திறமைப் பொருத்தமின்மையே காரணம் என்று அந்நிறுவனத்தார் கூறினர். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பாடம் ஒன்றுதான்: அனுபவ வருஷங்கள் மட்டும் எவரையும் காப்பாற்றமாட்டா.

ஆதலால் எந்தக் கம்பெனி என்று கேட்பதை விட்டு, எந்த வித்தை என்று கேட்பதே விவேகம். கணினித் தொழில் ஒன்றன்று, பல. நிரல் எழுதுவது ஒன்று. எழுதியதில் பிழை காண்பது மற்றொன்று. தகவல் களஞ்சியங்களைப் பேணுவோர், வலைப்பின்னல்களை இயக்குவோர், திருட்டினின்றும் அவற்றைக் காப்போர், சிப்புகளை வடிவமைப்போர் ஆகியோரும் இத்துறையினரே. கணிதத்தில் ருசியுள்ளவன் தரவு ஆராய்ச்சிக்குச் செல்லட்டும். எதையும் சந்தேகித்துச் சோதிக்கும் இயல்புள்ளவன் பாதுகாப்புத் துறையை நாடட்டும். மின்னியலில் பற்றுள்ளவன் சிப்பு வடிவமைப்பைப் பயிலட்டும்.

அடிப்படை கற்றவனுக்கு முதல் நாளே அதிகச் சம்பளம் கொடுப்பார்களா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கொடுக்காமலும் போகலாம். ஆனால் நிரல் மொழிகள் சில ஆண்டுகளில் மாறுகின்றன. கணிதமும், தரவமைப்பும், இயங்குதளத்தின் தத்துவமும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. முன்னதை மட்டும் மனப்பாடம் செய்தவன் ஒவ்வொரு மாறுதலுக்கும் அஞ்சுவான். பின்னதை அறிந்தவன் புதியதை எளிதில் கற்பான். இயந்திரம் எழுதித் தரும் நிரல் சரியா, பிழையா என்று தீர்ப்புச் சொல்லவும் அவனாலேயே முடியும்.

இதற்காக வீட்டை விற்க வேண்டுவதில்லை. 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் கீழ் ஐஐடி ஆசிரியர்களின் விரிவுரைகளை எவரும் இலவசமாகக் கேட்கலாம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில், ஜேஇஇ எழுதாதவரும் தகுதிப் பாடங்களில் தேறிச் சேரலாம். வேறு கல்லூரியில் பயின்றுகொண்டே இதையும் தொடரலாம். சோஹோ நிறுவனமோ பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து பயிற்சியளிக்கிறது. இத்தகைய வழிகள் இருக்கையில், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்போரிடம் பெற்றோர் ஏமாறலாகாது. சேர்வதற்கு முன் ஓரிரு மாதங்கள் பிள்ளை தானே சிறு நிரல்கள் எழுதிப் பார்க்கட்டும். அதில் உற்சாகம் பிறக்கிறதா, சலிப்புத் தட்டுகிறதா என்பது அப்போதே விளங்கும்.

கல்லூரிகளின் கடமையும் சிறிதன்று. எத்தனை மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்று மட்டும் பறைசாற்றுவதை விட்டு, என்ன சம்பளத்தில், எவ்வகை வேலை கிடைத்தது என்பதையும் அவை பகிரங்கமாக வெளியிட வேண்டும். அடகு வைக்கும் தாயாருக்கு அதை அறிய உரிமையுண்டு. வாலிபர்களே! உத்தியோகத்தைப் பிறர் கொடுக்கலாம், பிறரே பறிக்கவும் செய்யலாம். கற்ற வித்தையை எவராலும் பறிக்க முடியாது. முதலில் அதைத் தேடுங்கள்.