கறுப்புப் பின்னலும் காவல்துறைப் பதிவேடும்

பின்னலில் என்ன பிரமாதம் இருக்கிறது, மூன்று கற்றை மயிரை மாற்றி மாற்றி மடித்துப் போடுவதுதானே என்று நினைப்பவர்கள், மேல்நாட்டில் இன்று அது படும் பாட்டைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். அங்கே ஒரு பின்னலைத் திரையில் கண்டு கோடிக்கணக்கான ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். இன்னொரு பின்னலைப் பள்ளிக்கூட வாசலிலேயே தடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒன்று ஹைகோர்ட் படி ஏறுகிறது. மற்றொன்று போலீஸ் பதிவேட்டில் தனக்கென்று ஒரு கலம் கேட்கிறது.

முதலில் திரையிலிருக்கும் பின்னலைப் பார்ப்போம்.

2022 நவம்பரில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் 'வெட்னஸ்டே' என்ற தொடரை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் ஆங்கிலத் தொடர்களில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்டவற்றில் அது ஒன்றாகிவிட்டது. இரண்டாம் பகுதி 2025-ல் வந்தது. கதாநாயகி வெட்னஸ்டே ஆடம்ஸாக நடிப்பவர் ஜென்னா ஒர்ட்டேகா என்னும் இளம் நடிகை. சிரிக்காத முகம், கறுப்பு உடை, வகிடெடுத்து இரு தோள்களிலும் தொங்கவிட்ட இரட்டைப் பின்னல். நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றால் ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல் நூறு பார்க்கலாம், யாரும் அஞ்சுவதில்லை. அதே பின்னலை வைத்துக்கொண்டு உலகத்தையே இந்தப் பெண் பயமுறுத்துகிறாள்!

இவள் புதிதாகப் பிறந்தவள் அல்ல. சார்லஸ் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1938 முதல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வரைந்த விபரீதக் குடும்பத்தின் மகள் இவள். படத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது. 1964-ல் டெலிவிஷன் தொடராக வந்தபோதுதான், ஒரு குழந்தைப் பாட்டை ஒட்டிப் 'புதன்கிழமை' என்று பெயர் சூட்டினார்கள்.

புதிய தொடரில் அவள் ஆடும் நடனம் ஒன்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதைத் தாமே அமைத்துக்கொண்ட ஒர்ட்டேகா, யார் யாரைப் பார்த்து அமைத்தேன் என்று ஒரு பட்டியலும் வெளியிட்டார். அதில் 1980-களில் இரவு விடுதிகளில் ஆடிய கறுப்பு உடைக் கூட்டத்தாருக்கும், சூசி சூ, லீனா லோவிச் என்ற இரு பாடகிகளுக்கும் இடமிருந்தது.

லோவிச்சின் கதை சுவையானது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த பெண். 1979-ல் அவருடைய பாட்டொன்று பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. பாட்டைவிட அவருடைய தலைதான் பிரசித்தம். நீளநீளமான பின்னல்கள், அவற்றைச் சுற்றித் துணி, நாடா. அந்தப் பின்னல் எப்படி வந்தது தெரியுமா? லண்டனில் கலைக் கல்லூரி மாணவியாகச் சிற்பம் பயின்றபோது, களிமண்ணில் மயிர் படாமல் இருக்க அவர் பின்னிக் கட்டிக்கொண்டாராம்! அடுப்படியில் நிற்கும் பெண் கூந்தலை முடிந்துகொள்வது போன்ற காரியம்தான். பிறகு அது மேடைக்குப் போயிற்று. மேடையிலிருந்து ஒரு தலைமுறைக்கே அலங்காரமாயிற்று.

லோவிச்சுக்குச் சொந்த மயிர் இருந்தது. இன்றைய யுவதிகளில் பலர் அதைப் பாக்கெட்டில் வாங்குகிறார்கள். காதோரத்தில் மெல்லிய பின்னல், பக்கவாட்டில் மண்டையை ஒட்டி வரிவரியாகப் பின்னல், இடையிடையே வெள்ளி வளையம், சங்கிலி, கறுப்பு லேஸ் நாடா என்று அலங்காரம் விரிகிறது. கறுப்போடு சிவப்பும் ஊதாவும் கலந்த செயற்கை இழையைச் சொந்த மயிரோடு சேர்த்துப் பின்னி, நுனி பிரியாதிருக்கக் கொதிநீரில் தோய்த்து எடுக்கிறார்கள். இழுத்துப் பின்னினால் நாளடைவில் நெற்றியோர மயிர் வேரோடு கழன்றுவிடும் என்று தோல் மருத்துவர்கள் வெகு காலமாக எச்சரித்து வருகிறார்கள். இது பழைய சங்கதி. புதிய சங்கதி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் பத்திரிகை, பின்னலுக்கான செயற்கை மயிர்ச் சரக்குகளில் பத்தைச் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டது. பத்திலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருந்தன. ஒன்பதில் ஈயம் இருந்தது. வாரக்கணக்கில் தலையிலேயே இருக்கும் பொருள் அது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

துக்கத்தின் அலங்காரம்

இந்தக் கறுப்பு உடைக் கூட்டத்தாருக்குக் 'கோத்' என்று பெயர். பழைய ரோமானியப் பேரரசை உலுக்கிய ஜெர்மானியக் கூட்டத்தின் பெயர் அது. பிற்காலத்து இத்தாலியர்கள், தங்களுக்குப் பிடிக்காத கூர்வளைவுக் கட்டடங்களை இகழ்வதற்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய கோட்டைப் பேய்க் கதைக்குப் பிறகு, பேயும் பாழ்மண்டபமும் வரும் நவீனங்களுக்கு அது பெயராயிற்று. 1979-ல் 'பௌஹவுஸ்' என்ற பிரிட்டிஷ் கோஷ்டி, டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் மரணத்தைப் பற்றிப் பாட்டு வெளியிட்டது. 1982-ல் லண்டனில் 'பேட்கேவ்' என்ற விடுதி திறந்தது. அந்த விடுதிக்குப் போன வாலிபர்களிடமும் யுவதிகளிடமும் பழைய வசைச்சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் அதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்களுடைய உடையும் நகையும் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்துத் துக்க வீட்டிலிருந்து வந்தவை. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் மறைந்த பிறகு, 1901-ல் தாம் இறக்கும் வரை ராணி கறுப்பு உடையைக் களையவில்லை. ராணி உடுத்தினால் நாடு உடுத்தாதா? அந்தக் காலத்தில் இறந்தவர்களின் மயிரைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அதைப் பின்னி நகை செய்யும் வழக்கம் வேரூன்றியிருந்தது. நடுவில் துவாரமுள்ள வட்ட மேஜை ஒன்று. மயிர் இழைகளின் நுனியில் சிறு எடைகளைக் கட்டி, அவை மேஜையின் ஓரங்களில் தொங்க, இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுக் கொண்டே போவார்கள். துவாரத்தின் வழியே கயிறு போலப் பின்னல் இறங்கும். கைக்கடகமாகவும் கடிகாரச் சங்கிலியாகவும் அதைப் பூண் போட்டு அணிந்தார்கள். இறந்துபோன குழந்தையின் தலைமயிரைத் தாய் மார்பில் பதக்கமாகத் தரிப்பாள். நமக்குக் கூச்சமாக இருக்கலாம். அவர்களுக்கு அது பாசம்.

துக்க நகைக்கு மற்றொரு சரக்கு 'ஜெட்' என்னும் கறுப்புக் கல். கல் என்பது பேச்சுக்குத்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகி அப்படியானது. அதில் மிக உயர்ந்த ரகம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் விட்பி என்ற மீன்பிடி ஊரில் கிடைக்கிறது. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் ரத்தம் குடிக்கும் பிரபு கரையேறுவதும் அதே ஊரில்தான். கோத் கூட்டத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான க்ஷேத்திரம் வேறு உண்டா? 1994 முதல் அங்கே அவர்கள் விழாக் கூடுகிறார்கள். பாழடைந்த மடாலயத்தின் நிழலில் கறுப்புக் குடையும் கறுப்புப் பின்னலுமாக உலாவுகிறார்கள். ஊர்க்காரர்கள் பயப்படுவதில்லை. விடுதி அறைகள் நிரம்புகின்றன, வியாபாரம் நடக்கிறது.

அந்த விட்பியில் ஒரு பெண்ணின் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சோபி லங்காஸ்டர் என்பது அவள் பெயர்.

பேக்கப் பூங்காவில்

2007 ஆகஸ்டு 11-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், லங்காஷயரிலுள்ள பேக்கப் என்ற சிற்றூரின் பூங்கா வழியாகச் சோபியும் அவளுடைய காதலரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சோபிக்கு வயது 20. இருவரும் கோத் கோலத்தில் இருந்தார்கள். சில சிறுவர்கள் முதலில் பேச்சுக் கொடுத்தார்கள். பிறகு, காரணம் எதுவும் இல்லாமல், காதலரை அடித்து வீழ்த்தினார்கள். நினைவிழந்து கிடந்தவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, விட்டுவிடும்படி சோபி கெஞ்சினாள். அவர்கள் அவளுடைய தலையையும் உதைத்தார்கள். காதலர் பிழைத்தார். சோபி கண் திறக்கவே இல்லை. ஆகஸ்டு 24-ந் தேதி உயிர் பிரிந்தது.

2008-ல் இரு சிறுவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வேறு மூவர் படுகாயம் விளைவித்ததற்காகச் சிறை சென்றார்கள். அவள் யார் என்பதற்காக அல்ல, எப்படித் தோற்றமளித்தாள் என்பதற்காகவே கொல்லப்பட்டாள் என்ற கருத்தில், இதை வெறுப்பினால் நேர்ந்த குற்றம் என்றே நீதிபதி கொண்டார். மகளின் பெயரால் அறநிலையம் தொடங்கிய தாய் சில்வியா லங்காஸ்டர், 2022-ல் காலமாகும் வரை பள்ளி பள்ளியாகவும் போலீஸ் நிலையம் போலீஸ் நிலையமாகவும் போய்ப் பேசினார்.

அந்த அலைச்சலுக்குப் பலன் 2013 ஏப்ரலில் கிட்டியது. கோத் முதலிய தனிக்கோலத்தாரைத் தாக்கினால், இனவெறித் தாக்குதலைப் போலவே அதையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்வதென்று மான்செஸ்டர் பெருநகரப் போலீஸ் முடிவு செய்தது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் போலீஸ் படை அதுவே. வேறு சில படைகளும் பின்பற்றின.

பதிவு வேறு, சட்டம் வேறு. இங்கிலாந்தின் சட்டத்தில் இனம், மதம், உடல் ஊனம், பாலுறவு நாட்டம், திருநர் அடையாளம் ஆகிய ஐந்து காரணங்களுக்காகத் தாக்கினால் மட்டுமே அதை வெறுப்புக் குற்றமாக எடுத்துக்கொண்டு தண்டனையைக் கூட்டுவார்கள். ஆறாவதாகத் தனிக்கோலத்தாரையும் சேர்க்கலாமா என்று அந்நாட்டுச் சட்டக் கமிஷன் ஆராய்ந்தது. 2021 டிசம்பரில் அது கொடுத்த அறிக்கையில் அந்தச் சிபாரிசு இடம்பெறவில்லை.

பிறவிப் பின்னல், பிரியப் பின்னல்

சேர்க்கக் கூடாது என்பவர்களின் வாதம் அற்பமானதல்ல. தோலின் நிறத்தைக் கழற்றி வைக்க முடியாது. கறுப்புச் சட்டையைக் கழற்றலாம், பின்னலைப் பிரிக்கலாம். இன்று கோத்துக்கு இடம் கொடுத்தால், நாளை கால்பந்துக் கோஷ்டியின் ரசிகர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். எங்கே கோடு கிழிப்பது?

கோடு ஏற்கெனவே கிழித்தாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2009-ல் லண்டனில் ஆப்பிரிக்க-கரீபிய வம்சத்துச் சிறுவன் ஒருவன், வயது 11, புதுப் பள்ளிக்கு முதல் நாள் போனான். மண்டையை ஒட்டிய வரிப்பின்னல் அவன் குடும்ப வழக்கம். ரவுடிக் கூட்டங்களின் பாணி உள்ளே வரக்கூடாது என்று சொல்லி, பள்ளி நிர்வாகம் அவனைத் திருப்பி அனுப்பியது. வழக்கு நடந்தது. குடும்பமும் குலமும் காத்துவரும் பின்னலுக்கு விலக்கே இல்லாமல் தடை போடுவது மறைமுகமான இனப் பாரபட்சம் என்று 2011-ல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவக் கமிஷனும், பள்ளிகள் இவ்விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது.

அமெரிக்காவில் 2019-ல் கலிபோர்னியா இதற்கென்றே சட்டம் செய்தது. 'கிரௌன்', அதாவது 'கிரீடம்', என்பது சட்டத்தின் செல்லப் பெயர். பின்னல், சடைக்கற்றை போன்ற, கறுப்பினத்தாரோடு வழிவழியாக இணைந்த முடியலங்காரங்களைக் காட்டி வேலையையோ படிப்பையோ மறுக்கக் கூடாது என்பது விதி. இருபதுக்கு மேற்பட்ட ராஜ்யங்கள் பின்தொடர்ந்தன. டெக்ஸாஸில் இந்தச் சட்டம் 2023 செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே சமயத்தில் ஹூஸ்டனுக்கு அருகே ஒரு கறுப்பின மாணவனைச் சடைக்கற்றைக்காக வகுப்பை விட்டு விலக்கி வைத்தார்கள். சடையை ஆட்சேபிக்கவில்லை, அவிழ்த்துவிட்டால் புருவத்துக்கும் காதுமடலுக்கும் கீழே இறங்கும் நீளத்தைத்தான் ஆட்சேபிக்கிறோம் என்றது நிர்வாகம்! 2024 பிப்ரவரியில் நீதிபதியும் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். சட்டத்தில் நீளம் என்ற சொல் இல்லையாம்.

ஆகவே இரு நாடுகளிலும் சட்டம் பின்னலைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறது: "நீ பிறவியோடு வந்தாயா, பிரியப்பட்டு வந்தாயா?" வம்சத்தோடு வந்தால் பாதி வாசல் திறக்கிறது. வயது வந்தபின் பிரியப்பட்டு வைத்துக்கொண்டால் திறப்பதில்லை. இந்தக் கேள்வி பள்ளிக்கூட வாசலுக்குப் பொருந்தும். சீருடை வகுக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. குலவழக்கத்துக்கு விலக்குக் கேட்பதும் நியாயம். அலங்கார ஆசைக்காகக் கேட்கும் விலக்கைப் பள்ளி மறுத்தால் குடி முழுகிவிடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோத் யுவதி பேஷனுக்காகப் போட்டுக்கொள்ளும் வரிப்பின்னலே ஆப்பிரிக்கரிடமிருந்து வந்ததுதான். கறுப்பினப் பையனின் தலையில் அது ரவுடித்தனமாகத் தெரிந்து, வெள்ளைப் பெண்ணின் தலையில் 'துணிச்சலான அலங்காரம்' என்று விளம்பரமாவதைக் கண்டு ஆப்பிரிக்க வம்சத்தார் மனம் குமுறுவதில் தவறில்லை.

ஆனால் இரவு நேரத்துப் பூங்காவுக்கு அந்தக் கேள்வி எப்படிப் பொருந்தும்? உதைத்தவன் குலமா கோத்திரமா விசாரித்தான்? பின்னலைப் பிரித்திருக்கலாமே என்று சொல்வது, அடிபட்டவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகும். மதம்கூட ஒருவர் மாற்றிக்கொள்ளக் கூடியதுதான். ஐந்தில் அது இருக்கிறதே! கால்பந்து ரசிகர்கள் வரிசையில் நிற்பார்கள் என்ற பயத்துக்கு மான்செஸ்டரே பதில். 2013-க்குப் பிறகு அங்கே போலீஸ் நிலையம் ஸ்தம்பித்துவிடவில்லை. பஸ்ஸில் துப்பப்பட்ட பெண்ணும் புட்டி எறியப்பட்ட பையனும் புகார் எழுதிக் கொடுக்க, அதற்கென்று ஒரு கலம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தக் கலத்தில் விழும் புகார் கோர்ட்டுக்கு வந்தால் தண்டனை தானாகக் கூடாது. நீதிபதி விரும்பினால் வெறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2008-ல் சோபியின் வழக்கை விசாரித்தவர் எடுத்துக்கொண்டார். அடுத்த நீதிபதியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இன்னும் எழுதப்படவில்லை.