களப்பதிவைத் துலக்குவதும் பாடத் தேர்வே

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் பாடல் வரிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவ்வரிகளுக்கு மூலமான ஒலிப்பதிவு என்னவாயிற்று என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை வெளியிட்ட 1964இல் பாடலை அச்சேற்றுவதே பெரும்பணியாக இருந்தது. இன்று கைப்பேசி ஒன்றே ஒலியையும் உருவையும் பதிந்துவிடுகிறது. எனவே சிக்கல், திரட்டுதலிலிருந்து திரட்டியதைத் துலக்குதலுக்கு இடம்பெயர்ந்துள்ளது.

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியிலும் திருச்சுழி வட்டார மானாவாரி ஊர்களிலும் ஒப்பாரியைப் பதிவு செய்பவர் தனிக்குரலைப் பெறுவது அரிது. தறிச் சத்தம், காற்று, உடனிருக்கும் பெண்களின் விம்மல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே பதிவாகும். இவற்றுள் எது இரைச்சல், எது பாடல்? பாடல் இல்லாத ஓரிரு வினாடிகளை இரைச்சலின் மாதிரியாகக் கொண்டு, அதிலுள்ள அதிர்வெண்களைப் பதிவு முழுவதிலும் குறைப்பதே இரைச்சல் நீக்கத்தின் பொதுவான வழி. அவ்வினாடிகளில் மற்றொருத்தியின் முனகல் கலந்திருந்தால், பின்வரும் முனகல்களும் மங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைச் சுழியாக்கும் முறையோ, விளியின் தேய்ந்து முடியும் ஈற்றிழுவையையே வெட்டிவிடும். ஒப்பாரியில் அவ்விழுவை வரியின் உறுப்பாகும். கேட்பதற்குத் தெளிவாக அமைந்த பதிவு, பாடம் குறைந்த பதிவாகவும் இருக்கக்கூடும்.

சுவடிப் படங்களின் நிலையும் இதுவே. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது பூச்சி அரித்த துளை கரும்புள்ளியாகத் தோன்றி மெய்யை உணர்த்திவிடலாம். மெல்லிய கீறல் மறைந்தும் போகலாம். வண்ணப்படத்தைச் சாம்பல் நிறமாக்கும் வழக்கமான சூத்திரம் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்னும் பங்கினை அளிக்கிறது. இது மனிதக் கண்ணின் இயல்பைக் கருதி அமைந்தது. பழுப்பேறிய ஓலையையும் அதன்மேல் தடவிய கரியையும் கருதி அமைந்ததன்று. அத்தகைய ஓலைக்குச் சிவப்புக் கூற்றினை மட்டும் பிரித்தெடுத்தாலே எழுத்து மேலும் தெளியும். இதனை முடிவு செய்ய வேண்டியவர் சுவடியைப் படிக்கத் தெரிந்தவரே.

ஒலியும் உருவும் கணினிக்கு எண்வரிசைகளே. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில் ஒரு நிமிட ஒற்றைத்தட ஒலி 26,46,000 எண்களாகிறது. பொருள்நோக்கு நிரலாக்கம் இவ்வெண்களை அவற்றின் மீதான செயல்களோடு ஒரே பொருளாகப் பிணைக்கிறது. ‘களப்பதிவு’ என்றோர் இனக்குழுவை வரையறுத்து, பதிந்த இடம், நாள், கருவி ஆகியவற்றை அதன் பண்புகளாக்கலாம். ‘ஒலிப்பதிவு’, ‘சுவடிப்படம்’ என்பன அவற்றை மரபுரிமமாகப் பெறும். இரைச்சல் நீக்கும் செயல் மூலத்தை மாற்றாமல் புதியதொரு பொருளை ஈன்று, எந்த மூலத்திலிருந்து எந்த அளவுகளால் பிறந்தது என்பதை அதிலேயே குறித்துவைக்குமாறு எழுதலாம். இக்குறிப்பு தானாக அமைவதன்று. எழுதுபவர் விரும்பினால் மட்டுமே அமையும். 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பில் தொடங்கி உ.வே.சா. வளர்த்த பிரதிபேதக் குறிப்பின் மரபு நமக்குப் புதிதன்று. அதனை ஒலிக்கும் உருவுக்கும் விரிக்காதிருப்பதே வியப்பு.

ஆயத்தச் செயலிகள் இருக்க நிரல் எதற்கு என்பர். செயலியின் பொத்தான் விளைவைத் தரும். தான் செய்த தேர்வுகளை ஆய்வேட்டில் எழுதத்தக்க வடிவில் தருவது அரிது. இது கணினித் துறையின் பணி என்னும் வாதமும் நிற்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் குஸ்டியால் 2003இல் தொடங்கிய ஊடகக் கணிமைப் பாடம், கணினியியல் பயிலாத மாணவர்க்குப் படத்தையும் ஒலியையும் கொண்டே நிரலாக்கம் கற்பித்தது. பைத்தான் மொழியில் இரைச்சல் நீக்கத்தின் அடிப்படையைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். யாப்பிலக்கணம் கற்றவருக்கு அது கடினமன்று.

முனைவர் பட்ட முன்தேர்வுப் பாடத்திட்டத்தில் இதற்கெனச் சில வாரங்கள் ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வேட்டுடன் துலக்கப்படாத மூலப் பதிவும், துலக்கிய நிரலும் துறை நூலகத்தில் ஒப்படைக்கப்படுதலைக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பாரி பாடுவோரில் பலர் முதியோர். மறுபதிவுக்கு அவர்களைத் தேடிச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது.