பெரியம்மா இன்னும் கறுப்புதான்

என் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அலங்காரத்துக்குப் பேசப்போன பார்லரில், முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்பே பெண்ணின் நிறத்துக்கு வந்துவிட்டார்கள். "குளுட்டதையோன் டிரிப் போட்டுக்கிட்டா ரெண்டு ஷேடு ஏறிடும் மேடம்." கூட வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பலமாகத் தலையாட்டினார். கல்யாணப் பெண் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறுமாம். எங்கள் பெரியம்மாவைக் கேட்டுப் பார்க்கட்டும். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவர் முகத்தில் பூசாதது டிஸ்டெம்பர் ஒன்றுதான். கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை, முல்தானி மெட்டி, அப்புறம் குழாய் குழாயாக கிரீம். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்னும் அதே கறுப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற களையான கறுப்பு.

பெரியம்மாவுக்கும் ஒரு ஐரோப்பியப் பெண்ணுக்கும் தோலில் நிறமி செய்யும் மெலனோசைட் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை எந்த வகை மெலனினை, எவ்வளவு செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அது அப்பன் ஆத்தாள் கொடுத்த மரபணு. மேலே தேய்ப்பதைப் பார்த்து மரபணு மனசு மாறாது. வெயிலில் கறுத்தது வெயிலை விட்டால் தெளியும், அவ்வளவுதான். ரவிக்கைக்குள் இருக்கும் கையின் உட்புறம் என்ன நிறமோ அதுதான் உங்கள் நிறம். அதற்கு மேலும் வெளுக்கவைப்பேன் என்பவர் புளுகுகிறார், அல்லது தோலைக் கெடுக்கப்போகிறார்.

புளுகுகிறவர் தேவலை. ஏமாந்த காசோடு போகும். பெரியம்மாவுக்கு அப்படித்தான் போயிற்று. நிஜமாகவே வெளுக்கவைக்கிற சரக்குதான் பயங்கரம். ஹைட்ரோகுயினோன் என்பது மங்குக்குத் தோல் டாக்டர் கெடு வைத்துத் தருகிற மருந்து. அதையே வருஷக்கணக்கில் அப்பிக்கொண்டால் முகத்தில் கருநீலத் திட்டு விழும். வெளுக்கப் போய்க் கறுத்த கதை! ஸ்டீராய்டு களிம்பு முதல் சில வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், ரத்தநாளம் தெரியும், பரு வரும், முடி முளைக்கும், விட்டால் எரியும். இந்த ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்காதே என்று மத்திய அரசு 2018இல் 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சீட்டு கேட்கிற மருந்துக்கடையை யாராவது எனக்குக் காட்டுங்கள்.

பாதரசம் தனி ரகம். பக்கத்தில் கேரளத்திலேயே, மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகுகிற நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். டாக்டர்கள் விசாரித்தபோது சிவப்பழகு கிரீமும் அதிலிருந்த பாதரசமும் 2023இல் அம்பலமாயின. முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த டிரிப்புக்கு வருவோம். குளுட்டதையோன் நம் ஈரல் தானே செய்துகொள்கிற பொருள். நிறத்துக்காக இதை நரம்பில் ஏற்றாதீர்கள் என்று பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011லேயே எச்சரித்தது. அங்கே அதற்கு இருந்த அனுமதி, புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் ஏற்றும்போது துணை மருந்தாக. இங்கே புருவம் திருத்துகிற நாற்காலியில் சாய்த்துவைத்து ஏற்றுகிறார்கள்.

இல்லை, பூசினால் பலன் உண்டு என்று இன்னும் முணுமுணுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல் அந்த 'ஃபேர்' நீக்கப்பட்டது. நடுவில் 45 வருஷம், கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கியது. இந்நேரம் மன்னார்குடி முழுக்க மணாலி மாதிரி ஆகியிருக்க வேண்டாமா? பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஊரே பெரியம்மா.

சினிமா நடிகைகள் வெளுக்கவில்லையா என்பார்கள். ஒளி அமைக்க ஓர் ஆள், முகம் பூச ஓர் ஆள், திரையில் வந்தபின் நிறம் திருத்த ஓர் ஆள் என்று பெரியம்மாவுக்கும் வைத்துக் கொடுங்கள், அவரும் வெளுப்பார். சரி, கறுப்பான கதாநாயகி என்று கதை எழுதினால் கறுப்பான பெண்ணைத் தேடுகிறார்களா? சிவத்த பெண்ணைப் பிடித்துக் கரி பூசுகிறார்கள். ஒரு நாட்டில் இத்தனை கோடிக் கறுப்புப் பெண்கள் இருந்தும் கறுப்புக்குத் தட்டுப்பாடு!

மணமகள் தேவை விளம்பரங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சிவப்பான பெண் கேட்கிற பையன் என்ன நிறம் என்று ஒருத்தரும் போடுவதில்லை. ஆண்பிள்ளைக் கறுப்பு உழைப்புக் கறுப்பு, பெண்பிள்ளைக் கறுப்பு மட்டும் வியாதி. பெரியப்பா, பெரியம்மாவைவிட ஒரு படி கறுப்பு. அவர் முகத்தில் யாரும் கடலைமாவைக்கூடத் தடவியதில்லை.

இதில் கல்யாண போட்டோகிராபர் வேறு. யாரும் கேட்காமலே முகத்தை வெளுக்கிறார். கையை மறந்துவிடுகிறார். எங்கள் வீட்டு ஆல்பம் ஒன்றில் மணப்பெண்ணின் முகம் காஷ்மீர், மாலை பிடித்த கை காரைக்குடி. 'ஸ்கின் கரெக்ஷன்' என்று பில்லில் தனி வரி.