எஃகா, கார்பன் இழையா?

தானே கடற்கழியின் கரையில் அமைந்த ஊர் ஐரோலி. இங்கு வீசும் உப்புக் காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும் எஃகு மிதிவண்டிக்குப் பகை. வண்ணப்பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு விரைவில் பற்றும். கார்பன் இழைச் சட்டகமோ துருப்பிடிப்பதில்லை, எடையும் குறைவு. ஆயினும், ஐரோலி மாணவர்க்கு எஃகே ஏற்றது.

எஃகு பெரும்பாலும் முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். விரிசல் கண்டால் பட்டறையில் பற்றவைக்கலாம். கார்பன் இழையில் அடிபட்டால், மேற்பூச்சு பளபளக்க, விரிசல் உள்ளே மறைந்திருக்கக்கூடும். பின்னொரு நாள் சட்டகம் திடீரென முறியலாம். அதனைச் சீராக்கத் தனிப்பயிற்சி பெற்றவர் வேண்டும்.

எஃகுக் குழாயினுள்ளும் துரு மறைந்து வளர்வதுண்டு. ஆனால், மழையில் நனைந்தபின் இருக்கைத் தண்டைக் கழற்றி நீரை வடித்து, உள்ளே சிறிது எண்ணெய் இட்டால் அதனைத் தடுக்கலாம். பெயர்ந்த பூச்சை உடனே புதுப்பித்தலும் வேண்டும். இவை மாணவரே செய்யத்தக்க பணிகள். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் எஃகு வண்டிகளைத் தாத்தாவுக்குப் பின் பேரனும் ஓட்டிய இல்லங்கள் தமிழகத்தில் உண்டு.

பந்தயத்திற்குக் கார்பன் இழை சிறக்கலாம். பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருளால் வாங்கும் வண்டி தம்பி தங்கையர்க்கும் பயன்பட வேண்டுமெனில், நம் கையால் பேணத்தக்க எஃகே நன்று.